மருமகளின் குப்பைப் போட்டி குறித்துச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்கிற சௌக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேலே படிக்கவும். இங்கே என் மகன், அதாவது உங்கள் மாப்பிள்ளை, நலம். வகுப்பில் வேதியியல் பேசுகிறான், வீட்டில் எதுவும் பேசுவதில்லை. நான் எழுத உட்கார்ந்தது உங்கள் மகளைப் பற்றி.

உங்கள் ஊர்க் கம்பெனி ஒன்று அவளைப் பெரிய பதவிக்குக் கூப்பிட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். இது தாங்கள் அறிந்ததே. இரண்டு மனதாகத் தவிக்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை "போம்மா" என்றால் போய்விடுவாள். தயவுசெய்து அந்த வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு அந்த ஊரிலும் கல்லூரிகள் இருக்கின்றன. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் ஒரு அறை பார்த்துக்கொள்கிறேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் ஏற்றுக்கொண்டிருக்கும் வேலை அப்படி. வளாகத்தில் எதுவும் வீணாகக் கூடாது, அந்தப் பழக்கம் சுற்றியுள்ள தெருக்களுக்கும் போய்ச் சேர வேண்டும், இதற்கு அவள் பொறுப்பு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நானும் முதலில் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

முதலில் நூலகத்து விளக்குகளை மாற்றினாள். ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் தானாக அணையும். மின்சாரம் மிச்சம். ஆனால் படித்தவர்கள் எங்கே சார் அசைகிறார்கள்? தத்துவத் துறைப் பெரியவர் ஒருவர் யோசிக்க ஆரம்பித்தாலே மண்டபம் இருட்டாகிவிடுகிறது. அவரை எழுப்ப யாருக்கும் தைரியம் இல்லை, பக்கத்து நாற்காலிக்காரர்தான் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்ட வேண்டும். அந்தப் பக்கத்து நாற்காலிக்காரன் அடியேன். செய்தித்தாள் படிக்கப் போன இடத்தில் எனக்குத் தோள்வலி வந்ததுதான் மிச்சம்.

அடுத்து வந்தது குப்பைப் போட்டி. காய்கறித் தோல், மிச்சம் மீதி எல்லாவற்றையும் ஒவ்வொரு துறையும் தனி வாளியில் சேர்த்து, உரக்குழிக்கு அனுப்ப வேண்டும். அதிக எடை சேர்க்கும் துறைக்குச் சுழற்கோப்பை. இவர்கள் எல்லாம் முதல் மதிப்பெண் வாங்கியே வளர்ந்தவர்கள் என்பதை உங்கள் மகள் மறந்துவிட்டாள். வரலாற்றுத் துறைக்காரர்கள் ஆட்டோவில் பூசணிக்காய்களை வாங்கி வந்து, துறைத் தலைவர் முன்னிலையில் வெட்டி, முழுசாக வாளியில் போட்டார்கள். பொருளாதாரத் துறை சும்மா இருக்குமா? சந்தையில் தர்பூசணி தீர்ந்துபோயிற்று. குப்பையைக் குறைக்க வந்தவள் தலையில் குப்பை மலைபோல் குவிந்தது. சரி என்று விதியைத் திருப்பிப் போட்டாள், யார் குப்பை குறைவோ அவர்களுக்குக் கோப்பை. மறுநாள் மதிய இடைவேளையில் கணிதத் துறைப் பேராசிரியர் இருவர், வாளியைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு போய், தமிழ்த் துறை வாசலில் கவிழ்க்கும்போது பிடிபட்டார்கள். "காலியா இருந்துச்சு, அதான் கொஞ்சம் வச்சோம்" என்றார்களாம். இரண்டு துறைக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

பிறகு துறைத் தலைவர்கள் குழுவின் கூட்டத்தில் அவளை உட்காரவைத்துச் சிரித்திருக்கிறார்கள். "பூசணிக்காய் மேடம்" என்று பெயர் வேறு. அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. "தலைவலி மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கூட்டத்துக்குள் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்றுகூட இருந்தது.

அதோடு விட்டாளா? எடைத் தராசைத் தூக்கிப் போட்டுவிட்டு, எப்போதும் பூட்டியே கிடக்கும் வளாகப் பக்கவாசலை சனிக்கிழமைகளில் திறந்துவிட்டாள். தெருக்காரர்கள் கெட்டுப்போன மின்விசிறி, மிக்ஸி, கால் உடைந்த நாற்காலி எல்லாம் கொண்டு வரலாம், பொறியியல் மாணவர்கள் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்வார்கள். போகும்போது ஒரு பை உரம் தொட்டிச் செடிக்கு. நான் மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்று என்னையும் ஒரு மேசையில் உட்காரவைத்துவிட்டாள். நான் பார்த்தது கம்பத்து மேல் வேலை, மிக்ஸி அல்ல என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. நான் கழற்றி மாட்டினால் எப்போதும் ஒரு திருகாணி மிஞ்சுகிறது. என் மேசை மாணவிகள் அதை வாங்கி, மறுபடி முழுசாகக் கழற்றி, சிரித்துக்கொண்டே மாட்டுகிறார்கள். போன வாரம் ஒரு டெய்லர் அம்மா தன் தையல் மெஷின் மோட்டாரைக் கொண்டு வந்து, "அந்தப் பெரியவர் இல்லையா? அவர்கிட்டதான் காட்டணும்" என்று மற்ற மேசைகளுக்குப் போக மறுத்துவிட்டார். என்னைத் தேடி, சம்பந்தி! என் மனைவி போன பிறகு என்னை யாரும் எதற்கும் தேடியதில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அழுதேன் என்பது தெரிந்தது. சோப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனாலும் அந்தக் குழுவில் அவளுக்கு மரியாதை இல்லை. திறமையான பெண், மரியாதை இருக்கும் இடத்தில் இருக்கட்டும். பெற்றவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். ஆகவே தாமதிக்காமல் போன் செய்து அவளை வரச் சொல்லிவிடுங்கள்.

சம்பந்தி அம்மாவின் முழங்கால் வலி குறைய வேண்டுகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். "மாமா, நான் போகட்டுமா, இருக்கட்டுமா? உங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க" என்றாள். மேலே எழுதியதை எல்லாம் வரிசையாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போகாதேம்மா" என்று வந்துவிட்டது. "இதைத்தான் கேட்கணும்னு ரெண்டு நாளா சுத்திச் சுத்தி வர்றேன்" என்று எழுந்து போய், கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டாள். உங்களிடம் திருப்பித் தருவதாகச் சொன்ன மகளை நானே பிடித்து வைத்துக்கொண்டேன், என்னை மன்னியுங்கள். தயவுசெய்து போன் செய்யாதீர்கள். மகள் பக்கத்தில் வேண்டும் என்றால் நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுங்கள். வீட்டில் ஓடாமல் கிடக்கும் எதையாவது கையோடு எடுத்து வாருங்கள், என் மேசையில் இன்னொரு நாற்காலிக்கு இடம் இருக்கிறது.