மஞ்சள் தொட்டிலை ஏன் அனுப்பவில்லை

அன்புள்ள பெரியவனுக்கு,

உன் அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அம்மா, உன் தம்பி, அவன் மனைவி, மகள் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கு நீயும் உன் மனைவியும் மூன்று மாதக் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருபத்தாறு வருடம் கழித்து எழுதும் கடிதத்தில் இதற்கு மேல் நலம் விசாரித்தால் நடிப்பாகத் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். தொட்டில் வராது.

கோபப்படாதே. சரி, கோபப்படு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுப் படு. வீட்டை விட்டுத் துரத்திய கிழவன் இப்போது பழைய தொட்டிலைக்கூடத் தர மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நீ நினைத்துவிட்டால், இந்த ஜென்மத்தில் உன் குழந்தையின் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை. அதற்குப் பயந்துதான் எழுதுகிறேன். வேறு எதற்கும் நான் பயந்தவனில்லை என்பது உனக்கே தெரியும்.

எல்லாம் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் ஆரம்பித்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்கள் என்று ஒரு நாள் பேச்சு வந்தது. சண்டை இல்லை, கல்லெறி இல்லை, தெருவிளக்கு உடைவதில்லை, நம் காலத்தில் இப்படியா இருந்தது என்று ஆளாளுக்கு ஆச்சரியப்பட்டார்கள். பழைய போலீஸ்காரர் எல்லாம் லத்தியின் மகிமை என்றார். பழைய தலைமை ஆசிரியர் பிரம்பு என்றார். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் செல்போன் என்றார், குனிந்த தலை நிமிரவே மாட்டேன் என்கிறது, பின்கழுத்தில் வேலை செய்வது சுலபமாகிவிட்டது என்றார். நான் எழுந்து, தகப்பன் கண்டிப்பாக இருந்தால் பிள்ளை தானாக ஒழுங்காகும், என் சின்னவனைப் பாருங்கள் என்றேன். உன்னைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது, நானும் சொன்னதில்லை. உடனே கைதட்டி, அடுத்த கூட்டத்தில் 'என் வளர்ப்பு முறை' என்று பேசச் சொல்லிவிட்டார்கள். பதினொரு பக்கம் எழுதினேன். ஏழாவது பக்கம் முழுக்கப் பெல்ட்.

அதைத் தட்டச்சு செய்து தரும்படி உன் தம்பி மகளிடம் கொடுத்தேன். பதினான்கு வயது. இதுவரை ஒரு கதவைக்கூட அறைந்து சாத்தியதில்லை. ஏழாவது பக்கம் வரைக்கும் தட்டியவள் நிறுத்திவிட்டு, "தாத்தா, நீங்க பெயின்ட் கம்பெனியிலதானே இருந்தீங்க?" என்று கேட்டாள். முப்பத்து நான்கு வருடம், கலவைப் பிரிவு மேற்பார்வையாளர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் ஏதோ ஒரு கட்டுரையைப் பொறுமையாக வாசித்துக் காட்டினாள். பெட்ரோலிலிருந்தும் பெயின்டிலிருந்தும் காரீயத்தை எடுத்ததும் பிள்ளைகள் ஒழுங்கானதற்கு ஒரு காரணமாக இருக்கலாமாம். அந்தப் பொருள் சிறு குழந்தையின் உடம்பில் சேர்ந்தால், மூளையில் 'பொறு' என்று சொல்லுகிற இடத்தைக் கெடுத்துவிடுமாம். உரிந்த பெயின்ட் இனிக்கும் என்பதால் குழந்தைகள் விரும்பித் தின்னுமாம். வாசித்து முடித்துவிட்டு, "உங்கள சொல்லல தாத்தா, பொதுவா சொல்றாங்க" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எனக்குப் பிடிக்காததே இந்த மரியாதைதான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

உன் தொட்டில் நினைவுக்கு வந்தது. கம்பெனியின் முதல் தர மஞ்சளை ஒரு டின் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் கையாலேயே மூன்று பூச்சு அடித்தேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அன்று மாலையே ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். தொட்டிலை இறக்கும்போது ஸ்டூல் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தொட்டில் என் மேலுமாக விழுந்தோம். உன் தம்பி ஓடி வந்து, இந்த வயதில் இது தேவையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பரவால்லப்பா, எங்கயாவது அடிபட்டுச்சா?" என்கிறான். உன் அம்மா பின்னாலேயே வந்தாள். தொட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அழ ஆரம்பித்துவிட்டாள். "நீங்களே இறக்கிட்டீங்களா! வெள்ளிக்கிழமை லாரியில அனுப்பணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். நீ உன் தொட்டிலைக் கேட்டிருப்பதும், இருபது வருடமாக நீங்கள் இருவரும் போனில் பேசுவதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் என் ரத்த அழுத்தத்துக்காகச் சொன்னதாக நினைத்திருந்தேன். உங்கள் வசதிக்காகத்தான் சொல்லியிருக்கிறார். போகட்டும். அவள் அத்தனை சந்தோஷப்பட்டு நான் இருபத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை, அதை நான்தான் கெடுக்க வேண்டியிருந்தது.

தொட்டிலின் மேல் சட்டத்தில் உன் பல் தடம் வரிசையாக இருக்கிறது. முயல் கேரட்டைக் கடித்தது போல ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. பல் முளைக்கிற வயதில் நீ கடித்தபோது, பார், என் பிள்ளை மரத்தையே தின்கிறான் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரித்திருக்கிறேன். பெயின்டைக் கொஞ்சம் சுரண்டி உறையில் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். எதிலிருந்து எடுத்தது என்று அங்கிருந்த பெண் கேட்டாள். என் பிள்ளையின் தொட்டில் என்றேன். அவள் பதறிப்போய், "குழந்தைக்கு எத்தனை மாசம் ஐயா?" என்றாள். நாற்பத்தைந்து வயது என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் குழாய் இருக்கு, கைய நல்லா கழுவிட்டு வாங்க" என்றாள். முடிவு நான்கு நாளில் வந்தது, காரீயம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறதாம். நான் கலந்த கலவைதானே, எனக்குத் தெரியாத அளவா? ஆனாலும் இன்னொருவர் கையெழுத்துப் போட்டுத் தாளில் கொடுத்தால் அது வேறு மாதிரிதான் இருக்கிறது.

கூட்டத்துக்குப் போனேன். பதினொரு பக்கத்தையும் வீட்டில் வைத்துவிட்டுப் போய், காரீயத்தைப் பற்றிச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. தலைமை ஆசிரியர் நெடுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப நாம அடிச்ச அடியெல்லாம் வீணா?" என்று கேட்டார். போலீஸ்காரர், "வீணாப் போயிருந்தா பரவாயில்லையே சார்" என்றார். அதன் பிறகு தேநீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டுக் கலைந்தோம்.

பெரியவனே, நீ தடுப்பூசி போட வந்த டாக்டரைக் கடித்தாய். பள்ளிக்கூட மணியைக் கழற்றிக் கிணற்றில் போட்டாய். பத்தொன்பது வயதில் அடுத்த வீட்டுக்காரரின் தாடையை உடைத்தாய், அதுவும் அவர் இருமியதற்காக. ஒவ்வொன்றுக்கும் பெல்ட்டை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ, "எனக்கே தெரியலப்பா, கை தானா போயிடுது" என்று சொல்லி அழுதாய். அதைத் திமிர் என்று நினைத்தேன். கடைசியில் உன் பெட்டியை வாசலில் வைத்து, எனக்கு ஒரே பிள்ளைதான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். உன் கோபம் எல்லாவற்றுக்கும் அந்த மஞ்சள்தான் காரணம் என்று இன்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கட்டுரையிலேயே பல காரணங்களில் ஒன்று என்றுதான் இருக்கிறது. ஆனால் உன் தம்பி ஒழுங்காக வளர்ந்ததற்கு நான் காரணமில்லை. அவன் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். உனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். "அவன் கெட்டவன் இல்லன்னு நான் கத்தினப்போ நீங்க காது குடுத்தீங்களா?" என்று கேட்டாள். யாருக்கம்மா தெரியும், அந்தக் காலத்தில் எங்களுக்கு யார் சொன்னார்கள் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி விடுங்க, தெரியாம நடந்ததுதானே" என்றாள். தொட்டிலை அனுப்ப முடியாது என்றதிலிருந்து மூன்று நாளாகப் பேசாதவள் அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு போட்டாள்.

வெள்ளிக்கிழமை லாரியில் வேறு தொட்டில் வரும். தச்சரிடம் சொல்லிப் புதிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன். "கலர் அடிக்கலன்னா மொட்டையா இருக்குமே ஐயா, ஒரு மஞ்சளாவது அடிச்சுக் குடுக்குறேன்" என்று மனுஷன் விடவே இல்லை. நான் போட்ட கூச்சலில் பட்டறையில் ரம்பம் நின்றுவிட்டது. வெறும் மரம்தான் வரும். குழந்தை எவ்வளவு வேண்டுமானாலும் கடிக்கட்டும்.

உன் மனைவிக்கு என் ஆசிகள். குழந்தைக்கு என் முத்தங்களை, உனக்குச் சம்மதமானால், நீயே கொடுத்துவிடு. மூவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனத்தோடும் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்தேன். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று மேலே எழுதியிருப்பது பொய். நீ பிறந்த வருடமே கம்பெனி ரசாயனக்காரர் என்னைக் கூப்பிட்டு, வாயில் வைக்கிற சாமானுக்கு இந்த மஞ்சளை அடிக்காதீர்கள் என்றார். என்னைவிட வயதில் சிறியவர், அதனால் சிரித்தேன். ஏழு வருடம் கழித்து எங்கள் பிரிவில் இரண்டு பேர் கை நடுங்கிப் படுத்த பிறகு நம்பினேன். உன் தம்பி பிறந்தபோது, அந்தத் தொட்டில் ராசியில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு அவனுக்கு வேறு வாங்கினேன். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் உன்னைப் பெல்ட்டால் அடித்தேன், தெரிந்துதான் அடித்தேன். உன் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீதான் அவளிடம் தினமும் பேசுகிறாயே, நீயே சொல்லிவிடு.