திங்கட்கிழமை காலையில் எடுத்த அளவு

மதிப்பிற்குரிய மாமாவுக்கும் அத்தைக்கும் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் பேத்தி சுண்டெலியும் நலம். உங்கள் நலமும் அத்தையின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

"ஆறு வயசுப் பொண்ணைத் தனியா எப்படிப் பார்த்துப்பீங்க மாப்பிள்ளை? எங்க வீட்டுலயே வளரட்டும்" என்று போனில் கேட்டீர்கள். அதற்குப் பதிலை இப்போது ஆதாரத்தோடு எழுதுகிறேன்.

எங்கள் பார்சல் கம்பெனியின் எல்லாப் பதிவுகளும் இருக்கும், நான் பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸ், எந்தத் தகவலை எந்த வழியில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்று தானே திட்டம் போடும். டிஸ்க்கும் பிராசஸரும் எவ்வளவு வேகம் என்று சரியாக அளந்து கொடுத்தால்தான் அந்தத் திட்டம் உருப்படும். உங்கள் மகள் கண்மூடிய பிறகு, ஆட்களைப் பார்க்கப் பிடிக்காமல், ஒரு லீவு நாளில் காலி ஆபீஸில் உட்கார்ந்து அளந்தேன். வேலையே இல்லாத மிஷின் குதிரையாய் ஓடியது. அந்த வேகத்தை நம்பி, ஒரே ஒரு பார்சலைத் தேடக்கூடப் பத்து வருஷப் பதிவு முழுவதையும் புரட்ட ஆரம்பித்துவிட்டது டேட்டாபேஸ். மேனேஜர், "ஏம்ப்பா, உன் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள பார்சலே வந்துடும் போலிருக்கே!" என்றார்.

வீட்லயும் அதே கூத்துதான் மாமா. ஞாயித்துக்கிழமை சாவகாசமா ஒத்திகை பார்த்தேன். குளியல் ஆறு நிமிஷம், பின்னல் நாலு, டிபன் எட்டுன்னு எழுதி பிரிட்ஜ்ல ஒட்டிட்டேன். திங்கக்கிழமை ஒரு ஷூவைக் காணோம், ரிப்பனைக் காணோம், கடைசில ஸ்கூல் வேனையும் காணோம். மறுநாள் டிரைவர் அண்ணன், "சார், உங்க வீட்டுக்கு மட்டும் நான் முந்தின நாளே வந்து நிக்கணும் போல"ன்னார்.

அப்பதான் புத்தி வந்துச்சு. ஆபீஸே நெரியற திங்கக்கிழமை காலைல, நிஜமான வேலைக்கு நடுவுல மறுபடி அளந்தேன். நாப்பது நிமிஷம் இழுத்துட்டிருந்த ரிப்போர்ட் அரை நிமிஷத்துல வந்துச்சு மாமா! மேனேஜர் சீட்டை விட்டு எழுந்து வந்து கை குடுத்தார். வீட்லயும் அழுகை, அடம், ஷூ தேடறது எல்லாத்தையும் சேர்த்தே அளந்தேன். பின்னலுக்கு மட்டும் இருபத்திரண்டு நிமிஷம். இப்ப மூணு வாரமா வேனுக்கு முன்னாடி நாங்க வாசல்ல நிக்கிறோம். "ஏன் அங்கிள் லேட்டு?"ன்னு சுண்டெலி டிரைவரை மிரட்டறா. அதனால அவ இங்கயே இருக்கட்டும். எங்களுக்கு யாரும் வேண்டாம், சமாளிச்சுப்போம்.

உங்கள் இருவருக்கும் எங்கள் இருவரின் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: இருபத்திரண்டு நிமிஷம்னு எழுதினேன் இல்ல, ரெண்டு தடவை போட்டாலும் பின்னல் ஒம்போதுல முடிஞ்சிடுது. "அம்மா போடற மாதிரி இல்லை"ன்னு அவிழ்த்துட்டு அவ கண்ணாடியையே பார்த்துட்டு உக்கார்ந்திருக்கறதுதான் மிச்சம் பதிமூணு. நானும் பக்கத்துல உக்கார்ந்திருப்பேன். அவ அம்மாவுக்கு அந்தப் பின்னல் அத்தை சொல்லிக் குடுத்ததாமே. யாரும் வேண்டாம்னு எழுதினதை அடிச்சுடுங்க மாமா. ரெண்டு பேரும் இங்க வந்து இருங்க. ஆனா லீவு நாள் பார்த்து வராதீங்க. திங்கக்கிழமை காலைல வாங்க.