இடம் பண்ணிக் கொடுத்த அத்தான்

கடையில் செங்கல் அடுக்கியிருக்கக் களிமண் தேடிப் போகிற ஓர் இனம் உண்டு. இப்போது பெரும்பாலும் லினக்ஸ் கம்ப்யூட்டர்களின் முன்னால் குடியிருக்கிறது. தயாராகக் கிடைக்கும் மென்பொருளைப் போட்டுக்கொள்வது இவர்களுக்கு மானக்கேடு. அதன் மூல நிரலான சோர்ஸ் கோடை இறக்கி, அது கேட்கும் துணை நிரல்களான லைப்ரரிகளை இறக்கி, அந்த லைப்ரரிகள் கேட்கும் லைப்ரரிகளையும் இறக்கி, எல்லாவற்றையும் தாங்களே கம்பைல் செய்து மென்பொருளாகக் கட்டி, திரை முழுக்க எரர் ஓடினால்தான் இவர்களுக்குச் சாப்பாடு இறங்கும். நம்பவில்லையா? என் அத்தானைப் பாருங்கள்.

அக்கா மொழிபெயர்ப்பாளர். சாயங்காலத்துக்குள் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டிய கடைசி அத்தியாயத்தைத் தட்டி முடித்து, சேமிக்கப் போனாள். டிஸ்கில் இடமில்லை என்றது கம்ப்யூட்டர். கரண்ட் போனால் அத்தியாயமும் போச்சு.

"என்னங்க, பழசு எதையாவது அழிச்சு இடம் பண்ணிக் குடுங்க."

"கண்ணை மூடிக்கிட்டு அழிக்கக் கூடாதும்மா. எது எவ்வளவு இடத்தைப் பிடிச்சிருக்குன்னு காட்ட ஒரு டூல் இருக்கு. இதோ கட்டிடுறேன்."

"ரெடியா கிடைக்காதா?"

"கிடைக்கும். பழைய வெர்ஷன்" என்று முகத்தைச் சுளித்தார் அத்தான்.

சரி, சோர்ஸ் கோடை இறக்க இடம் வேண்டுமே? நாலைந்து பழைய சினிமாக்களை அழித்தார்.

"அதான் இடம் வந்துடுச்சே, சேவ் பண்ணிடுங்க!"

"நடுவுல எதையும் தொடாதே."

அக்காவின் அத்தியாயம் நூறு முறை உட்கார்ந்திருக்கக்கூடிய அந்த இடத்தில் லைப்ரரிகள் குடியேறின. கம்பைல் பாதியில் நின்றது. இன்னும் இரண்டு சினிமா போயிற்று. ஒவ்வொரு எரருக்கும், "எனக்கும் இதே பிரச்சினை" என்று முகம் தெரியாத யாரோ இணையத்தில் புலம்பியிருந்ததை அத்தான் உற்சாகமாகப் படித்துக் காட்டினார். அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

கடைசியில் டூல் ஓடியது. அத்தான் எழுந்து நின்றுவிட்டார். டிஸ்கில் இடமில்லை என்று அது வண்ண வண்ணமாக வரைந்து காட்டியது. இருப்பதிலேயே அதிக இடத்தை அடைத்திருந்தது எது? அந்த டூலைக் கட்ட அத்தான் திறந்த ஃபோல்டர்.

அக்கா குறுக்கே கையை நீட்டி அதை அப்படியே அழித்தாள். அத்தியாயத்தைச் சேமித்தாள். அனுப்பினாள்.

"அடிப்பாவி, டூலும் சேர்ந்து போச்சே!"

"போகட்டும். இடம் வந்துடுச்சு."

அத்தான் முகம் தெளிந்தது. "ஆமாம்ல? இப்ப தாராளமா இடம் இருக்கு. முதல்லேருந்து கட்டிடலாம்" என்று மறுபடி உட்கார்ந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அது என்ன டூல், எந்த வெர்ஷன், எரர் என்ன சொன்னது என்று கேட்க நாக்கு துறுதுறுக்கிறதா? எதற்கும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் யாரோ வெகுநேரமாக நிற்கிறார்கள்.