காலையில் அறுபது, ஆபீசில் ஐம்பத்தாறு

நெய்வேலி நகரியத்தில் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் பல ரகம். டாக்டர் மிரட்டியதால் ஓடுகிறவரை விட்டுவிடுங்கள், பாவம். நான் சொல்ல வந்தது, வயதைச் சொல்வதற்கென்றே ஓடுகிற ரகம். உங்கள் பிளாக்கிலும் ஒருவர் இருப்பார். எங்கள் பிளாக்கில் சிங்காரவேலு.

வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் காக்கி அரைக்கால் சட்டையும் மாட்டி, கழுத்தில் துண்டைச் சுற்றி, ஆளில்லாத தெருவில் நடந்து, ஆள் தென்படுகிற தெருவில் ஓடி, நைட் ஷிப்ட் முடிந்து நிலக்கரித் தூசியும் தூக்கமுமாக பஸ்ஸை விட்டு இறங்குகிற என்னை மறித்து, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு கேட்பார்:

"நமக்கு என்னா வயசிருக்கும், சொல்லுங்க பாப்பம்?"

சீக்கிரம் வீடு போய்ப் படுக்க வேண்டுமா? ஐம்பது என்று சொல்லிவிட வேண்டும். நாற்பத்தைந்து என்றால் கேப்பங்கூழின் மகிமையையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும். ஒருநாள் உள்ளபடி சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை மனுஷர். ஐம்பது என்றால்தான் மார்பைத் தட்டுவார்:

"அறுவதுங்க! எந்த வாலிபப் பையனையும் கூட ஓடியாரச் சொல்லுங்க!"

அறுபது வயதுக்காரருக்கு வேலை எப்படி இருக்கிறது என்கிறீர்களா? ஐம்பத்தெட்டில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே! அங்கேதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் குத்துமதிப்பாக நாலு வயதைக் குறைத்துப் போட்டுவிட்டார். அந்தப் புண்ணியத்தில் ஆபீசுக்கு அவர் ஐம்பத்தாறுதான். இன்னும் இரண்டு வருஷம் சம்பளம், குவார்ட்டர்ஸ், எல்லாம் உண்டு.

பிளாக்கில் விளையாட்டு விழா வந்தது. அறுபதுக்கு மேற்பட்டோர் ஓட்டத்துக்கு இரண்டே பேர், இருவருக்கும் மூட்டுவலி. முதல் பரிசு பிரஷர் குக்கர். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு பெயர் கொடுக்கப் போனார் சிங்காரவேலு. மேஜையில் உட்கார்ந்திருந்தவர் டைம் ஆபீஸ் வைத்திலிங்கம்; ஆபீசில் எல்லார் வயதும் அவர் பதிவேட்டில்தான் இருக்கும்.

"எதுலங்க போடட்டும்?"

"அம்பதுக்கு மேலயே போடுங்க."

ஓடினார். முதல் சுற்றிலேயே கடைசி. கூட்டம் சிரித்தது. அவர் மனைவி பிரபாவதிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, மைதானமே கேட்கும்படி கத்தினார்:

"என்னாத்துக்குச் சிரிக்கிறீங்க? அவங்கள்லாம் அம்பது! எங்க வூட்டுக்காரருக்கு அறுவது முடிஞ்சி போச்சி! இன்னும் ஓடிக்கினு கீறாரு, பாருங்க!"

மேடையில் சிறப்பு விருந்தினர் யாரென்று நினைக்கிறீர்கள்? சிங்காரவேலுவின் பெரிய அதிகாரி. சிங்காரவேலு கோட்டைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, மனைவி வாயைப் பொத்தப் பாய்ந்தார் பாருங்கள் ஒரு பாய்ச்சல்! அதைப் பந்தயத்தில் காட்டியிருந்தால் முதலில் வந்த அமிர்தநாதனைத் தூக்கிச் சாப்பிட்டிருப்பார்.

"என்னம்மா, அறுபதா?" என்றார் அதிகாரி.

பிரபாவதி கணவர் முகத்தைப் பார்த்தார். பேயறைந்த முகம்.

"இல்லீங்கய்யா. தோக்குறாரேன்ற ஆத்தரத்துல கூட்டிச் சொல்லிட்டங்க."

வேலை தப்பியது. மானம்? ஐம்பத்தாறு வயதுக்காரர் ஓடினால் எவன் திரும்பிப் பார்க்கிறான்? ஒரு வாரத்தில் ஷூவைக் கழற்றி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். எறியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, யாரையும் மறிக்காமல், நாலு தெருவும் விடாமல் ஓடுகிறார். சபாஷ் போட ஆளே இல்லாமல் ஒரு மனுஷர் இப்படி ஓடுவது எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கிறது.

நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள், சரி. வயதுப் பேச்சு எடுத்ததுமே வயிற்றை எக்கிப் பிடித்தீர்களே, இனி விடலாம். மூச்சு முட்டப் போகிறது.