எந்தத் தாள் பறக்கும்?

பெண் பார்க்கப் போன இடத்தில் கைகளைச் சும்மா வைத்திருக்கத் தெரிந்தவர்கள் பாக்கியசாலிகள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பதற்றம் வந்தால் பக்கத்தில் கிடக்கும் காகிதத்தை மடிக்கத் தொடங்கிவிடுவேன். (பஸ் டிக்கெட்டுகளில் நான் செய்த கப்பல்களைச் சேர்த்தால் ஒரு கடற்படையே அமைக்கலாம்.)

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக நாலாம் மாடி வீடு. நானும் அம்மாவும் ஒரு பக்கம். எதிரே துஷ்யந்தியும் அவளுடைய அப்பா அம்மாவும். பெரியவர்கள் யார் யாருக்கு என்ன முறை என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் கதைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. நடுவிலிருந்த டீப்போ மேசையில் யாருடையதோ கலியாண அழைப்பிதழ் கிடந்தது. என் கை அதை எடுத்து விமானமாக்கிவிட்டது.

"அது பறக்காது," என்றாள் துஷ்யந்தி. அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஏன்?"

"மட்டை பாரம். மடிப்பும் இருக்காது. மூக்கால போய் விழும்."

அவள் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள் என்று தரகர் சொல்லியிருந்தார். ஆனாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீசினேன். விமானம் மூக்கால் போய் அவளுடைய அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் இறங்கியது.

"பரவாயில்லை தம்பி, நான் குடிச்சு முடிச்சிட்டன்," என்றார் அவர். (முடிக்கவில்லை. பாதித் தேத்தண்ணி அவருடைய வெள்ளைச் சேட்டில் இருந்தது.)

நான் அத்தோடு அடங்கியிருப்பேன். ஆனால் அவள் பத்திரிகையில் ஒரு பக்கத்தைக் கிழித்து மடித்து வீசினாள். அது அழகாக எழும்பி, ஃபேன் காற்றில் செட்டை தொங்கி, என் காலடியில் விழுந்தது.

"பாருங்கோ, பாரமில்லை. ஆனா தொளதொளவெண்டு இருக்கு," என்றாள். விழுந்ததைப் பற்றி அவளுக்கு வெட்கமே இல்லை. ஏன் விழுந்தது என்பதுதான் முக்கியம். கலியாணம் என்றால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

"அப்ப எது நல்லம்?"

"போட்டோகொப்பித் தாள். பாரமுமில்லை, விறைப்பாயும் நிக்கும்."

கேக் தட்டுக்குக் கீழே அப்படியொரு தாள் வெள்ளையாகத் தெரிந்தது. உருவினேன், நகத்தால் அழுத்தி மடித்தேன், விட்டேன். ஆஹா, என்ன பறப்பு. எல்லாருடைய தலைக்கும் மேலால் போய், பல்கனியைத் தாண்டி, கடற்காற்றில் ஏறி, கீழே தெரிந்த ஒழுங்கைத் தெருவுக்கு மேலே ஒரு வட்டமும் அடித்தது.

"தம்பி, தட்டுக்குக் கீழ ஒரு தாள் வச்சனான், கண்டீங்களோ?" என்று கேட்டார் அவளுடைய அம்மா.

"என்ன தாள், மாமி?"

"உங்கட சாதகம். அம்மா இப்பதான் தந்தவ."

என் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நானும் துஷ்யந்தியும் படியால் ஓடினோம். என் கிரகங்கள் ஒன்பதும் ஒரு ஓட்டோவின் கூரைமேல் இருந்தன. "மல்லி, மல்லி!" என்று அவள் சாரதியைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டாள். அவன் சிநேகமாகக் கையசைத்துவிட்டுக் காலி வீதி என்ற பெருந்தெருவுக்குத் திரும்பிப் போனான்.

"சொறி, மன்னிச்சிடுங்கோ," என்றேன்.

"எவ்வளவு தூரம் வந்திருக்கு பாத்தீங்களா?" என்றாள் அவள், மூச்சு வாங்க. "மடிப்பு நல்ல நேர்த்தி."

மேலே திரும்பியபோது மாமி, சாதகம் பறந்தது நல்ல சகுனமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கொப்பி அனுப்புவதாக அம்மா மெல்லிய குரலில் சொன்னார்.

"சாதகம் என்னத்துக்கு?" என்றார் தேத்தண்ணிச் சேட்டோடு இருந்த மாமா. "பெடியனை நேரிலேயே பாத்தாச்சே. பிள்ளை இவ்வளவு சிரிச்சு நான் கண்டதில்லை."

கலியாணம் நடந்தது. இன்றும் நாங்கள் அங்கே போனால் மாமி முதலில் கரண்ட் பில்லிலிருந்து கலண்டர் வரை எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். வேறு விருந்தாளிகள் இருந்தால் அறிமுகமும் செய்துவைப்பார்:

"இவர் எங்கட மருமகன். முக்கியமான பேப்பர் ஏதும் வச்சிருந்தா பேக்குக்குள்ள வையுங்கோ."