முகூர்த்த நேரத்தில் டீசல் கொண்டுபோனவன் முறையீடு

மதிப்பிற்குரிய தாய்மாமா பிச்சை அவர்களுக்கு,

மண்ணச்சநல்லூரிலிருந்து உங்கள் அக்கா மகன் ரஞ்சித் வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. அம்மா நலம். நான் நலமில்லை. நீங்கள் போனை எடுக்காததால் கை வலிக்க எழுதுகிறேன்.

"டீசல் வண்டிதானடா. நிறுத்து, ஊத்து, வந்துடு. நோகாத வேலை" என்று சொல்லி என்னை முதலாளி அற்புதசாமியிடம் சேர்த்துவிட்டீர்கள். நேற்றுதான் முதல் லோடு. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், காலையிலிருந்து கரண்ட் இல்லை, ஜெனரேட்டரில் டீசல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, முகூர்த்தத்துக்குள் ஊற்றியாக வேண்டும். காவிரிப் பாலத்தில் வண்டி நகரவில்லை. பக்கத்தில் பைக்கில் நின்றவர், வாயில் பீடியோடு கதவைத் தட்டி, "அண்ணே, தீப்பெட்டி இருக்குங்களா?" என்கிறார். நெருப்பு ஆகாது என்று டேங்கரில் பெரிதாகச் சிவப்பு எழுத்து. அதன்மேல்தான் கையை ஊன்றியிருக்கிறார்! நான் போட்ட சத்தத்தில் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, எதுக்குக் கோவம்?" என்று என்னையே கண்டித்தார். பாலம் இறங்கினால் ஒரு அம்மா ஸ்கூட்டரைக் குறுக்கே விட்டு, "ஒரு லிட்டர் ஊத்துங்க தம்பி" என்று சீட்டையே திறந்துவிட்டார். இது டீசல்மா என்றால், "ஏதோ ஒண்ணு, வீடு வரைக்கும் போனாப் போதும்" என்கிறார். நான் என்ன, மோரா கொண்டுபோகிறேன்?

மண்டபத்தில் ஜெனரேட்டரை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? சமையல் கொட்டகையை ஒட்டி! வரிசையாக அடுப்புகள் திகுதிகுவென்று எரிகின்றன. அணைத்தால்தான் குழாயைத் திறப்பேன் என்றேன். "குழம்பு கொதி வர்ற நேரம்!" என்று சமையல்காரர் கரண்டியை ஓங்கினார். பெண்ணின் அப்பா ஸ்ரீனிவாசராகவன் பஞ்சகச்சத்தோடு ஓடிவந்தார்.

"முகூர்த்த வேளையிலே அடுப்பை அணைக்கறது அபசகுனம்ப்பா. நீ பாட்டுக்கு ஓரமா ஊத்திட்டுப் போயேன்."

"ஓரமா ஊத்தினாலும் பத்திக்கும் சார்."

"பெருமாள் பாத்துப்பார்."

"அவர் பாத்துப்பாருங்க. லைசென்ஸ் என் பேர்லதானே இருக்கு!"

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் இருமி நின்றது. மண்டபமே இருட்டு. அத்தனை பேரும் வியர்க்க வியர்க்க என்னைச் சூழ்ந்துகொண்டு, கரண்டை நான்தான் பிடுங்கியது போலத் திட்டினார்கள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கொட்டகையில் பெண்கள் காய் நறுக்குகிறார்கள் மாமா, குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடுகின்றன. எப்படித் திறப்பேன்?

கடைசியில் கல்யாணப் பெண் ப்ரியம்வதாவே மடிசாரும் மாலையுமாக வந்து நின்றாள். "அப்பா, அவர் சொல்றதுதான் சரி. குழம்பு ஆறினா ஆறட்டும். மண்டபம் எரிஞ்சா எங்கே போய்த் தாலி கட்டிக்கறது?" என்று கேட்டுவிட்டு முதல் அடுப்பைத் தன் கையாலேயே அணைத்தாள். மீதியைச் சமையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார்.

ஊற்றினேன். மூடியைத் திருகி முடித்தேன். கரண்ட் வந்துவிட்டது! "கரண்ட்தான் வந்துடுத்தே, ஊத்தினதைத் திரும்ப எடுத்துண்டுடேன்" என்கிறார் பெண்ணின் அப்பா. நல்லவேளை, அதற்குள் கெட்டிமேளம் கொட்ட, அட்சதையோடு உள்ளே ஓடினார். பந்தி தாமதமானதற்கு மாப்பிள்ளை வீட்டார் வாசல்வரை வந்து என்னை முறைத்தார்கள். வடை வாசனை தெருவுக்கே வந்தது; "சாப்பிட்டியாப்பா?" என்று ஒரு வாய் கேட்கவில்லை. காலிப் பாத்திரத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து அனுப்பினார்கள்.

ஆகவே மாமா, இந்த வேலை எனக்கு வேண்டாம். இங்கே ஏதாவது அரிசி மில்லில் மூட்டை தூக்கச் சொல்லிவிடுங்கள், தூக்குகிறேன். முதலாளியிடம் நீங்களே பேசி என்னை விடுவித்துவிடுங்கள்.

அத்தை மயிலம்மாளுக்கு என் நமஸ்காரம். உங்கள் வயலும் மாடு கன்றும் செழிக்கட்டும்.

கோபம் நீங்கலாக மற்ற எல்லா மரியாதையுடனும்,
ரஞ்சித்

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது முதலாளி போன் செய்தார். தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு உடனே டீசல் போக வேண்டுமாம். "நேத்து ரொம்ப அலைஞ்சிட்டே. வேற டிரைவரை அனுப்பட்டுமா தம்பி?" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "என் வண்டிக்கு எதுக்குங்க வேற டிரைவர்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.