ஞாயிற்றுக்கிழமை கேக் பற்றிய அவசரத் தகவல்

செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் அழைப்புக்குத் தாங்கள் அனுப்பிய இரண்டு வரிப் பதில் கிடைத்தது. 'வருகிறேன். பார்க்கலாம்' என்று எழுதியிருந்தீர்கள். இதில் முதல் வரியை எடுத்துக்கொள்வதா, இரண்டாவதை எடுத்துக்கொள்வதா என்று நாலு நாள் குழம்பி, முதல் வரியையே எடுத்துக்கொண்டேன். இப்போது அதில்தான் ஒரு சிக்கல். போனில் சொல்லியிருப்பேன்; ஆனால் என் குரல் கேட்டதும் தாங்கள் 'அக்காகிட்ட குடுங்க' என்பீர்கள், அக்காவை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. ஆகையால் கூரியரில் இந்தக் கடிதம். தாங்கள் கீங்கள் என்று எழுதினால் பேனா நகர மாட்டேன் என்கிறது. பன்னிரண்டு வயதில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தவன் நீ. நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம்.

உடனே கிழித்துப் போட்டுவிடாதே, முழுக்கப் படி. போன வருஷம் உன் அக்காவின் பிறந்த நாளில் நடந்ததை நான் மறந்துவிடவில்லை. எனக்குத் தெரிந்து தன் பிறந்த நாளுக்குத் தானே கேக் சுடுகிறவள் அவள் ஒருத்திதான். பழங்களை ஒரு வாரம் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் இடித்துப் போட்டு அவள் சுடுகிற அந்தக் கேக்கில் முதல் துண்டு எப்போதும் உனக்குத்தான். போன வருஷம் நீ அதை வாயருகே கொண்டுபோனபோது நான் எழுந்து வந்து, கூடத்தில் இருபது பேர் பார்க்க, உன் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினேன். 'சுகர் இருக்குன்னு தெரிஞ்சும் திங்கிறியே, வெட்கமா இல்ல?' என்று கேட்டேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன். நீ கையைக் கழுவிக்கொண்டு போனவன்தான், அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உன் அக்கா என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த வருஷம் கேக் டின்னைத் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டாள். சுடப்போவதில்லையா என்று கேட்டேன். 'யாருக்கு?' என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பயமில்லாமல் தின்னக்கூடிய ஒரு கேக்கை நானே சுட்டு, நானே தட்டில் வைத்து உன் கையில் கொடுப்பது என்று முடிவு செய்துதான் உனக்கு அழைப்பு அனுப்பினேன். அதை நீயும் படித்தாய், 'பார்க்கலாம்' என்றாய்.

பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் கிடந்த ஒரு பத்திரிகையில் 'சர்க்கரை குறைந்த மசாலாப் பழக் கேக்' என்று செய்முறை போட்டிருந்தார்கள். இருமல் வந்த மாதிரி நடித்துக்கொண்டே அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துவந்தேன். அதில் இரண்டு கப் சர்க்கரைக்குப் பதிலாக இரண்டு கப் இனிப்புத் தூள் போடச் சொல்லியிருந்தது. யாருடைய கப்? முப்பத்தோரு வருஷம் எடை அளவு இலாகாவில் ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளுக்கு முத்திரை குத்தியவனிடம் வந்து கப் என்றால் எப்படி இருக்கும், நீயே சொல்லு. நம் வீட்டில் உள்ள ஏழு கப்புகளிலும் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன். ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. நான் பணியில் இருந்திருந்தால் ஏழையும் பறிமுதல் செய்திருப்பேன். எனவே கப்பை ஒதுக்கிவிட்டுக் கிராமுக்கு மாற்றினேன். இரண்டு கப் சர்க்கரை நானூறு கிராம். அதனால் இனிப்புத் தூளும் நானூறு கிராம். இதில் என்ன தப்பு இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை; தப்பு நடந்துவிட்டது என்பது மட்டும் தெரிகிறது.

மருந்துக்கடையில் அந்தத் தூள் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் எனக்குப் பழைய சந்தேகம் வந்துவிட்டது. பாக்கெட் சின்னத் தலையணை அளவுக்கு இருந்தது, கையில் கனமே இல்லை. எடை குறைவு என்று அங்கேயே சொன்னேன். கடைக்காரர் தராசில் வைத்துக் காட்டினார். ஐம்பது கிராம், அச்சடித்தபடி சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எட்டு பாக்கெட் கொடுங்கள் என்றேன். ஏதாவது பேக்கரி திறக்கிறீர்களா என்று விசாரித்தார். மைத்துனருக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மைத்துனர் மேல் என்ன கோபம் என்று கேட்காததுதான் பாக்கி.

எட்டு பாக்கெட்டையும் பிரித்துக் கொட்டியபோதுதான் மண்டை சுற்றியது. பாத்திரம் நிரம்பி, அடுத்த பாத்திரம் நிரம்பி, கடைசியில் துணி ஊறவைக்க வாங்கி இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த பேசினை எடுத்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. புருவம், மூக்குக் கண்ணாடி, சுவர்க் காலண்டர், எல்லாவற்றிலும் தூள். போட்ட வெண்ணெயைக் காணவில்லை. முட்டையை உடைத்து ஊற்றினேன், அதையும் காணவில்லை. மாவு, திராட்சை, பேரீச்சை எல்லாம் போட்டுக் கிளறினால் எல்லாம் தனித்தனியாகப் புழுதியில் உருளுகிறது. பால் ஊற்றினேன், பிறகும் பால் ஊற்றினேன், பால்காரர் அன்றைக்கு இரண்டு தடவை வந்தார். ஒரு டின்னுக்குப் போட்ட கணக்கு மூன்று டின்களுக்கு வந்தது. பொன்னிறம் வரும்வரை வேகவிடச் சொல்லியிருந்தது. பொன்னிறம் வரவே இல்லை. நாற்பது நிமிஷம் என்று போட்டிருந்ததை இரண்டு மணி நேரம் வைத்தும் கேக் ஈரச் சிமெண்ட் நிறத்திலேயே உட்கார்ந்திருந்தது. உன் அக்கா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பக்கத்தை இரண்டு மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டேன். மாப்பிள்ளை, அந்த இனிப்பை எப்படிச் சொல்வேன். காது அடைத்தது. அதற்கப்புறம் குடித்த வெறும் தண்ணீர் இனித்தது, இரவு சாப்பிட்ட ஊறுகாய் இனித்தது, மறுநாள் காலை பல் தேய்த்த பற்பசை பாயசமாக இருந்தது. சர்க்கரை குறைந்த கேக் இத்தனை இனிக்கலாமா? சர்க்கரையே இல்லாதபோது இனிப்பது எது? தூள்தான் என்றால், தூளுக்கு எறும்பு வர வேண்டுமே? சமையலறைத் தரையில் ஒரு துண்டை வைத்துவிட்டு, முக்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தேன். எறும்புகள் வரிசையாக வந்தன. கேக்கை மோந்து பார்த்தன, ஒதுங்கி நின்றன, பிறகு உள்ளே புகுந்து ஒரு திராட்சையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டன. கேக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாகவும் இருந்தது, ஒரு பெரிய சந்தேகமும் வந்தது. அப்படியானால் திராட்சையில் சர்க்கரை இருக்கிறதா? பேரீச்சையில்? ஆரஞ்சுச் சாற்றில்? உனக்கு ஆகாதது என்று நான் எதைத் தடுத்தேன், ஆகுமென்று எதை விட்டேன், ஒன்றும் புரியாமல் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் உன் அக்கா பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். 'ஒரு கப்புக்கு ஒரு கப்புன்னா அவ்வளவுதாங்க. அந்தத் தூள் காத்து மாதிரி இருக்கு, அதப் போய் யாராவது எடை போடுவாங்களா?' என்றாள். திராட்சையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சொன்னாள், அதற்கு மேல் கை வைக்க மாட்டேன் என்றாள். சரி, இந்தத் தடவை அவன் பயமில்லாமல் தின்பான் அல்லவா என்று கேட்டேன். 'அவனுக்குக் கேக் குடுக்கலங்கிறதா வருத்தம்? தட்டப் புடுங்கினீங்களே, அதுதாங்க' என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்து எறும்புகளைப் பெருக்க ஆரம்பித்தாள். நான் கேக்கைப் பற்றிக் கேட்டால் இவள் தட்டைப் பற்றிப் பேசுகிறாள். யோசித்துக்கொண்டே இரண்டாவது கேக்கைக் கப்பால் அளந்து சுட்டேன். அது உப்பி வந்தது, வாசனை வந்தது, கொஞ்சம் வெளிறியிருந்தாலும் கேக் என்று சொல்லக்கூடியதாக இருந்தது.

ஆனால் சோதிக்காத சரக்கை இன்னொருவர் கையில் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. உனக்குக் கொடுக்கும் முன் என் ரத்தத்தில் சோதித்துவிடுவது என்று நேற்றுக் காலை வெறும் வயிற்றோடு, கேக் துண்டை டப்பாவில் போட்டுக்கொண்டு, தெருமுனை ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். திட்டம் சுலபம்: தின்னும் முன் ஒரு கணக்கு, தின்று இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கணக்கு, கழித்துப் பார்த்தால் கேக்கின் குணம் தெரிந்துவிடும். அங்கே ரத்தம் எடுக்கிற பெண் விரலில் குத்தி, சின்ன மிஷினைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடியும் மிஷினைப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. நான் இன்னும் டப்பாவைத் திறக்கவே இல்லை. மிஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னேன். இன்னொரு விரலில் குத்தினாள். இருநூற்று ஒன்பது. அதே ஆள், அதே ரத்தம், ஒரே நிமிஷம், மூன்று வித்தியாசம். இதற்கு முத்திரை வைத்தது யார், எந்தத் தேதியில் என்று கேட்டேன். உங்கள் வீட்டில் யாருக்காவது சுகர் உண்டா என்று அவள் விசாரித்தாள். மைத்துனருக்கு உண்டு என்றேன். ரத்த சொந்தத்தில் கேட்கிறேன் சார் என்றாள். கேக்கைத் தின்று இரண்டு மணி நேரம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பார்த்தால் இருநூற்றுத் தொண்ணூற்றாறு. டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு கொடுத்தாள். மிஷினைப் பார்க்கச் சொல்லி அவளுக்கு நான் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆக, கேக் நல்லதா கெட்டதா என்று சொல்ல என்னிடம் நம்பத் தகுந்த அளவுகோல் எதுவும் இல்லை. மூன்றாவது கேக்குக்குத் திராட்சையே இல்லாமல், மாவையும் மாற்றி, வேறொரு இடத்தில் சோதிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரம் போதாது. பிறந்த நாளைத் தள்ளிவைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். நீ வருவதைத் தள்ளிவைக்கலாம். ஒரு மாதம் பொறு. சரியான கேக் கிடைத்ததும் தந்தி மாதிரி ஒரு வரி போடுகிறேன். இன்னொரு தடவை உன்னை இந்த வீட்டில் தப்பான தட்டோடு உட்காரவைக்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு எடை குறையாத என் ஆசிகளையும் சொல்லவும். உன் அக்கா சார்பில் எதுவும் எழுதவில்லை, இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் நலம் கோரும்
அத்தான்

பின்குறிப்பு: புதன்கிழமை, பகல். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. கூரியர் ஆபீசுக்குப் போகிற வழியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தத் தெருமுனை மிஷினின் லட்சணத்தை எழுத்தில் வாங்கிவிடலாம் என்று உள்ளே போனேன். அங்கே மிஷின் பீரோ உயரத்துக்கு நின்றது. சோதித்த தேதி ஒட்டியிருந்தது, நான் பார்த்தேன், சரியாக இருந்தது. மூன்று மாதச் சராசரி என்று ஒன்று எடுத்தார்கள். சர்க்கரை எனக்கு இருக்கிறது, வெகுநாளாக இருக்கிறது. டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இராது. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, மெதுவாகத்தான் சொன்னாள். வெட்கமா இல்லையா என்று கேட்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இந்த ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உனக்குச் சர்க்கரை என்று முதல் தடவை சொன்னபோது உன்கூட யார் இருந்தார்கள், எப்படி வீட்டுக்குப் போனாய், யாரிடம் முதலில் சொன்னாய் என்று நான் ஒரு நாளும் உன்னைக் கேட்டதில்லை. தட்டைப் பிடுங்கியது தப்பு. மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூட வேண்டாம், வெள்ளிக்கிழமையே வந்துவிடு. கேக் எதுவும் இல்லை. அக்காவிடம் என் சர்க்கரைப் பேச்சை மட்டும் நீ ஆரம்பித்துக் கொடு, மீதியை நான் சொல்லிக்கொள்கிறேன்.